கை போனா எந்த டாக்டர்?

சிப்காட் பக்கம் வேலை பார்க்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க. குடிகாடு, பச்சையாங்குப்பம் பக்கம் இருக்கறதெல்லாம் கெமிக்கல் கம்பெனிதான், ஆனா உள்ள பம்ப், பெல்ட், கியர் எல்லாம் ஓடுது. விரல் மாட்டிக்கிட்டா எங்க தூக்கிட்டு ஓடறது? "எலும்பு டாக்டர்"னு பதில் வரும். அதுல பாதிதான் சரி. எலும்பு மட்டுமா உடையுது? தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய், தோல் எல்லாம் சேர்ந்துல்ல போகுது!

கைக்குன்னே தனி சர்ஜரின்னு ஒண்ணு இருக்கு. அது இந்தியாவுல வளர்ந்த கதையில நம்ம தமிழ்நாட்டுக்கு முக்கியமான பங்கு உண்டு. அந்தக் கதை ஃபேக்டரியில ஆரம்பிக்கலை, தொழுநோயாளிகளோட கையில ஆரம்பிச்சது.

பால் பிராண்ட், 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் படிச்சிட்டு 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். 1947ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் காக்ரேனைப் பார்க்கப் போனப்போ, மடங்கிப் போன கைகளா வரிசையா பார்த்திருக்கார். ஒருத்தர் கையைப் பிடிச்சா, அவர் இறுக்கிப் பிடிச்ச பிடி இவருக்கு வலிச்சுது! அப்போ எல்லாத் தசையும் செத்துப் போகலை. 1948ல் ஆபரேஷன். நல்லா வேலை செய்யற தசையோட நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாத்திக் கட்டினார். சோறு பிசைய, கயிறு முறுக்க கை திரும்பக் கிடைச்சுது. விரல் நோயால உதிரலை, வலி தெரியாம காயம்பட்டுக் காயம்பட்டுத்தான் தேயுதுன்னும் அவர்தான் பிடிச்சுக் காட்டினார்.

அடுத்த கட்டம் வடசென்னை. 1971ல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்குன்னு தனிப்பிரிவு ஆரம்பிச்சார். சுத்தி எண்ணூர், மணலின்னு ஆலைகள். அதே 1971லதான் சிப்காட் நிறுவனமும் உருவாச்சு (தற்செயல்தான், ஆனா யோசிக்க வைக்குதுல்ல?). பிறகு கோவை கங்கா மருத்துவமனையும் இந்தத் துறையில பேர் வாங்கிச்சு.

கடலூர் சிப்காட் 1980களில் வந்தது. இங்கேருந்து சென்னை சுமார் 190 கிலோமீட்டர். பக்கத்துல பாண்டிச்சேரி ஜிப்மர் இருக்கு. தெற்கே சிதம்பரத்துல பழைய ராஜா முத்தையா மருத்துவக்கல்லூரி, இப்போ அரசுக் கல்லூரி. துண்டான கை சதையோட இருந்தா சுமார் ஆறு மணி நேரம்தான் தாங்கும், விரலுக்குக் கொஞ்சம் கூடுதல். "முதல்ல இங்க காட்டலாம், அப்புறம் அங்க"ன்னு நாலு இடம் அலைஞ்சா அதுலயே நேரம் போயிடும். போற இடத்துக்கு முன்னாடியே போன் போட்டு "கை சர்ஜனோ பிளாஸ்டிக் சர்ஜனோ இப்ப இருக்காங்களா?"ன்னு கேட்டுடுங்க.

துண்டான விரலை ஐஸ்ல நேரடியா போடாதீங்க, செல்லெல்லாம் செத்துடும். தண்ணிக்குள்ளயும் முக்க வேண்டாம். சுத்தமான ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல வைங்க. வெட்டுப்பட்ட கையை அழுத்திக் கட்டி, தூக்கிப் பிடிச்சுக்கிட்டே 108ஐ கூப்பிடுங்க.