கிளாரண்டன் (அச்செழுத்து)

1845இல் லண்டன் ஃபேன் தெரு வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட தடித்த ரோமன் அச்செழுத்து. செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். இதைச் சுவரொட்டி எழுத்து என்றே பலரும் எண்ணுகிறார்கள். வடிவமைப்பைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. முந்தைய 'எகிப்தியன்' எனும் தடித்த அடிக்கட்டை எழுத்து வகைகளில், கோட்டின் முனையில் குறுக்காக நிற்கும் அடிக்கட்டை (செரிஃப்) தண்டோடு செங்கோணமாக முட்டி நிற்கும். இதிலோ சிறு வளைவுடன் இழைந்து சேர்கிறது. கோடுகளிலும் தடிமன் சற்றே ஏறி இறங்குகிறது. 'ஆர்' எழுத்தின் கால் நுனி அழகாக மேலே சுருள்கிறது. இந்த நிதானத்தால்தான் மெல்லிய உரையெழுத்தின் நடுவே, சிறிய அளவிலும், வரியைக் குலைக்காமல் ஒரு சொல்லைத் தூக்கிக் காட்ட முடிகிறது. அகராதித் தலைச்சொல்லுக்கு வேண்டியது அதுவே. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியும் கிளாரண்டனையே கையாண்டது.

அமெரிக்க மரஎழுத்துச் சுவரொட்டிகளைக் காட்டி, இது சுவரொட்டி எழுத்தல்ல என்பதை மறுக்கலாம். ஆனால் பெஸ்லி பதிவுசெய்த வடிவத்துக்கு மூன்றாண்டுக் காப்பே கிடைத்தது. அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் தாராளமாக நகலெடுத்தன. சுவரொட்டிகளில் பருத்தும் ஒடுங்கியும் பெருகியவை அந்த நகல்களின் வழித்தோன்றல்களே.