எரிபொருள் சேமிப்புத் தொட்டிகளில் உஷ்ணக் கட்டுப்பாடு

பெட்ரோலியப் பொருள்களைத் தேக்கி வைக்கும் தொட்டிகளில், சிலவற்றில் உஷ்ணம் ஏறாமலும் சிலவற்றில் இறங்காமலும் காக்கும் முறைகள் இத்தலைப்பில் அடங்கும். சென்னைக்கு மேற்கே ஆவடியை அடுத்த வெள்ளானூர் போன்ற, கத்திரி வெயிலில் 40 பாகை செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும் பிரதேசங்களில், குளிர்விக்கும் யந்திரம் எதுவுமின்றி, மண்ணையும் வெள்ளைச் சாயத்தையும் நம்பியே இக்காரியம் பெரும்பாலும் நடந்தேறுகிறது.

உஷ்ணத்தால் விளையும் நஷ்டம் இருவகைப்படும்: பெட்ரோலின் இலேசான அம்சங்கள் ஆவியாகிக் காற்றில் கலந்து விபத்துக்கும் இடமளிப்பது ஒன்று, கணக்கு தடுமாறுவது மற்றொன்று. பெட்ரோல் பாகைக்குச் சுமார் 0.12 சதவீதமும் டீசல் சுமார் 0.085 சதவீதமும் விரிவடைவதால், 12,000 லிட்டர் பெட்ரோல் ஏற்றிய டாங்கர் லாரியில் 5 பாகை ஏறினாலே ஏறத்தாழ 70 லிட்டர் மிகுந்து காட்டும். குளிர்ந்தால் அது மறைந்துபோகும். இதனாலேயே சரக்கின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்து, தெர்மாமீட்டர் காட்டும் உஷ்ணத்தைக் கொண்டு 15 பாகைக்குரிய மதிப்பாக மாற்றிப் பதிவு செய்யும் வழக்கம் இந்தியாவெங்கும் கைக்கொள்ளப்படுகிறது.

பெட்ரோல் பங்குகளில் தொட்டியைப் பூமிக்குள் புதைப்பது தீ விபத்தை முன்னிட்டே எனினும், உச்சி வெயிலுக்கும் விடியற்காலைக்கும் இடையே மேலே எத்தனை பாகை வேற்றுமை இருந்தாலும், மண்ணின் காப்பினால் உள்ளிருக்கும் எண்ணெயின் உஷ்ணம் ஒரு பகலில் அதிகம் அசைவதில்லை. ஆகையால், அதிகாலையில் நிரப்பினால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்று நம்மில் பலர் கொண்டுள்ள நம்பிக்கைக்கு ஆதாரம் மிகச் சொற்பம். வெயிலில் வந்த லாரி சரக்கை இறக்கிய பின் சிறிது காலம் தொட்டி சூடாயிருப்பது மெய்யே.

1969இல் இயங்கத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில், தரைக்கு மேல் நிற்கும் பெருந்தொட்டிகளுக்கு வெள்ளை அல்லது அலுமினியச் சாயம் பூசி வெயிலைத் திருப்புவர். ஆவி தங்க இடமின்றி எண்ணெயின் மீதே மிதந்து ஏறியிறங்கும் கூரையையும் அமைப்பர். தீயணைப்பு நீரைத் தொட்டிச் சுவரில் பொழியும் குழாய் வளையங்கள், அருகில் தீ மூண்டால் சுவர் சூடேறாமல் காப்பதற்காக ஏற்பட்டவை.

பர்னஸ் ஆயிலின் சுபாவம் இவற்றிற்கு நேர்மாறானது. குழம்பாய் உறையும் அதைப் பம்பு இழுக்குமாறு, தொட்டியினுள் நீராவிச் சுருள்களை அமைத்துச் சூடேற்ற வேண்டும். இந்தியத் தர அளவின்படி 66 பாகைக்குக் குறையாத அதன் தீப்பற்று நிலையை நெருங்காமலும், அடியில் தேங்கிய நீர் 100 பாகையை எட்டிப் பொங்கி எண்ணெயை வெளியே வாரி இறைக்காமலும் பார்த்துக்கொள்வது காவலாளர் கடமை.

2019இல் எண்ணூர்த் துறைமுகத்தில் திறக்கப்பட்ட நிலையத்தில் இயற்கை வாயு பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 160 பாகையில் திரவமாக வைக்கப்படுகிறது. இத்தகைய தொட்டிகளிலும் குளிரைக் காப்பது பிரதானமாகச் சுவர்களிடையே நிரப்பிய தடிப்பான காப்புப் பொருளே. அதையும் மீறி நுழையும் உஷ்ணத்தைத் திரவத்தின் ஒரு சிறு பகுதி ஆவியாகித் தன்னோடு கொண்டுபோக, அவ்வாயுவை அமுக்கிக் குழாய்வழி விநியோகத்திற்கு அனுப்பிவிடுவர்.