மேம்பாட்டுப் பலகைகளில் மின்வழங்கல், தொடர் இணைப்புக் கோளாறுகள்

ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 முதலிய நுண்கட்டுப்படுத்திப் பலகைகளுக்கு மின் சரிவரக் கிடைக்காமையாலும், அவை கணினியோடு தரவு பரிமாற முடியாமையாலும் எழும் பழுதுகள். செத்துவிட்டதாக ஒதுக்கப்படும் பலகைகள் பலவற்றில் சில்லு நலமாகவே இருக்கும். குறை வடத்திலோ மின்வழங்கியிலோ சாரதி மென்பொருளிலோ இருக்கும். முதலில் மின், பிறகு தரவு என்ற வரிசையில் சோதிப்பதே முறை.

வரலாறு

தொடர் இணைப்பின் வேர் தந்தியில் உள்ளது. பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளர் எமில் போடோ 1874இல் ஐந்து அலகுக் குறியீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். வேக அலகான ‘போட்’ அவர் பெயரையே தாங்குகிறது. பின்வந்த தொலையச்சுப் பொறிகள் ஒவ்வோர் எழுத்தின் முன்னும் தொடக்கக் குறியும், பின்னே நிறுத்தக் குறியும் அனுப்பின. ஓய்வு நேரத்திலும் கம்பியில் மின்னோட்டம் இருந்தது. அறுந்தால் உடனே தெரியும். இன்றைய பலகையின் தொடர் இணைப்பு ஓய்வில் உயர் நிலையில் நிற்பது அந்த மரபே. 1960இல் ஆர்எஸ்-232 தொடர் இணைப்புத் தரம் வெளியானது. டெக் நிறுவனத்தில் கோர்டன் பெல் வடிவமைத்த, தொடர்த் தரவை அனுப்பிப் பெறும் யுஆர்ட் சுற்றை, 1971இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒரே சில்லில் அடக்கியது. 1996இல் யூஎஸ்பி வந்தது. இத்தாலியின் இவ்ரேயாவில் எர்னாண்டோ பராகான் 2003இல் தொடங்கிய ‘வயரிங்’ தளமே ஆர்டுயினோவின் மூலம். ஆர்டுயினோ 2005இலும், ஊனோ பலகை 2010இலும் வெளிவந்தன.

மின்வழங்கல் கோளாறுகள்

ஊனோவின் வட்டச் செருகிக்கு 7 முதல் 12 வோல்ற் வரை ஏற்றது. 12 வோல்ற் கொடுத்து 200 மில்லிஅம்பியர் எடுத்தால், சீராக்கி 7 வோல்ற்றை வெப்பமாகக் கழிக்க வேண்டும், அது 1.4 வாற்று. மோட்டரையும் அதிலேயே இணைத்தால் சீராக்கி சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மோட்டருக்குத் தனி மின்வழங்கி வைத்து, தரைக்கம்பியை மட்டும் பொதுவாக்க வேண்டும். யூஎஸ்பி வழியில் 500 மில்லிஅம்பியர் உருகி உண்டு. மிகை மின்னோட்டத்தில் துண்டித்து, ஆறியபின் தானே மீளும். ஈஎஸ்பி32 வைஃபையை இயக்கும் கணத்தில் சில நூறு மில்லிஅம்பியர் இழுக்கும். மெல்லிய வடத்தில் வோல்ற்றளவு சரிந்து பலகை திரும்பத் திரும்ப மீளத்தொடங்கும். குட்டையான, தடித்த வடம் இதைத் தீர்க்கும்.

தொடர் இணைப்புக் கோளாறுகள்

விளக்கு எரிந்தும் கணினியில் துறை தோன்றாவிட்டால் வடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். மின்னேற்ற மட்டுமே பயன்படும் வடங்களில் தரவுக் கம்பிகள் இரா. அடுத்தது சாரதி: மலிவான பலகைகளில் உள்ள சிஎச்340 சில்லு நம்பகமானதே, அதற்குரிய சாரதியை நிறுவினால் போதும். துறை தெரிந்தும் நிரல் ஏறாவிட்டால், வேறு மென்பொருள் துறையைப் பிடித்திருக்கிறதா, 0, 1 முனைகளில் ஏதும் செருகப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். திரையில் குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை. ஈஎஸ்பி8266 தன் தொடக்கச் செய்தியைப் பெரும்பாலும் 74880 போட்டில் அனுப்பும்.

ஐயத்தை அறுக்க மீள்சுற்றுச் சோதனை உதவும். ஊனோவின் ரீசெட் முனையைத் தரையோடு இணைத்துச் சில்லை உறங்கவைத்து, 0, 1 முனைகளை ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். கணினியில் தட்டிய எழுத்து திரும்பி வந்தால் வடம், சாரதி, யூஎஸ்பிச் சில்லு மூன்றும் நலம்.

மலையகச் சூழல்

இலங்கை மலையகத்திலுள்ள கொட்டகலையின் மூடுபனியும் நீண்ட மழையும் இணைப்பிகளில் ஈரம் படியச் செய்கின்றன. குளிர்ந்த பலகையை வெப்பமான அறைக்குக் கொண்டுவந்ததும் மின் கொடுக்காமல் உலரவிட வேண்டும். பாசிபோல் அரிப்புப் படிந்த முனைகளை ஐசோபுரொப்பைல் மதுசாரத்தால் துடைக்கலாம். அயலில் தலவாக்கலை அணையிலிருந்து நீர் பெறும் 150 மெகாவாற்று மேல் கொத்மலை நிலையம் இருந்தும், 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் 13 மணிநேரம் வரை நீடித்த மின்வெட்டிலிருந்து இவ்வூரும் தப்பவில்லை. அத்தகைய வேளையில் பலகையை பவர்பேங்கில் இயக்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மின்னோட்டம் மிகக் குறைந்தால் பல பவர்பேங்குகள் தாமே அணைந்துவிடும். இடிமின்னல் வேளையில் வெளியே நீளும் உணரிக் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும்.

தற்காலம்

யூஎஸ்பி-சி பலகைகள் பரவிவருகின்றன. ஆனால் 5.1 கிலோஓம் தடையிகள் இல்லாத மலிவுப் பலகைகள் சி-சி வடத்தில் மின் பெறா.