கண்டிச் சீமைக்கு நடந்த பாதை

இலங்கைத் தீவின் நடுப்பகுதியில் எழும் மலைநாடு, நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை வடக்கே மட்டுமே விலகியிருந்தும், பிதுருதலாகல என்னும் சிகரத்தில் 2,524 மீட்டர் உயரத்தைத் தொடுவதால், அடிவாரத்தில் வியர்வையும் உச்சியில் உறைபனியும் ஒரே பயணத்தில் எதிர்ப்படும் நிலமாக இருக்கிறது. இம்மலைகளில் பல நாள் நடந்து திரிவதன் வரலாற்றை எழுதியவர்கள், ஜான் டேவி என்னும் மருத்துவர் 1819இல் நுவரெலியா மேட்டுநிலத்தை அடைந்ததையும், ஃபிஷர், வாட்சன் என்னும் இரு படையதிகாரிகள் 1834இல் ஹோர்ட்டன் சமவெளியைக் கண்டதையும், சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் எட்டாண்டு தங்கி யானையும் மானும் வேட்டையாடியதையும் பெரிதாகக் குறிப்பிடுவது வழக்கம். அவர்கள் நடந்த நடை, அவர்களே எழுதிய நூல்களால் நினைவில் நின்றது. அதே பத்தாண்டுகளில் அவர்களைவிடப் பல்லாயிரம் மடங்கு மிகுதியான மக்கள், வெறுங்காலோடும் தலைச்சுமையோடும் அதே மலைகளை நோக்கி ஆண்டுதோறும் நடந்தார்கள் என்பதும், மலைநாட்டின் இன்றைய பாதைகளுள் பெரும்பாலானவை அவர்கள் வெட்டியவையே என்பதும் நடைப்பயண வரலாற்றில் ஓரத்துக் குறிப்பாகக்கூட இடம்பெறுவது அரிது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கோப்பித் தோட்ட வேலைக்குப் புறப்பட்ட அம்மக்கள் தாம் சேர வேண்டிய இடத்தைக் ‘கண்டிச் சீமை’ என்றார்கள். அவர்கள் நடந்த வழி அரசாங்க ஆவணங்களில் வடபாதை எனப்பட்டது.

வடபாதை கோப்பியால் உண்டானதன்று. மன்னார்க் கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே, அருவியாறு எனத் தமிழிலும் மல்வத்து ஓயா எனச் சிங்களத்திலும் வழங்கும் ஆற்றை ஒட்டிச் செல்லும் வழி, அனுராதபுரம் தலைநகராயிருந்த காலம்தொட்டே வணிகர்க்கும் யாத்திரிகர்க்கும் பழக்கமானது. 1660இல் திருகோணமலைக்கு அருகே பிடிபட்டுக் கண்டி அரசனின் நாட்டில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி, 1679இல் தோழர் ஒருவருடன் தப்பியபோது, அனுராதபுரத்தைக் கடந்து இவ்வாற்றின் போக்கையே துணையாகக் கொண்டு, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். ஏரிகள் உடைந்து ஊர்கள் அழிந்து காடு மூடிய நிலமாக அவர் கண்ட அந்தப் பகுதி, நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் பெரிதாக மாறியிருக்கவில்லை. மாறியது நடப்பவரின் தொகை.

கண்டி அரசு 1815இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், 1820களில் கம்பளை, கன்னொறுவை ஆகிய இடங்களில் முதற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தாமே ஒரு தோட்டத்துக்கு உரிமையாளராக இருந்து, கோப்பிப் பயிருக்குப் பல சலுகைகளும் வழங்கினார். 1840களில் மலைக்காடுகள் அரசின் சொத்தாக அறிவிக்கப்பட்டு மிக மலிவாக விற்கப்பட்டபோது, கண்டிச் சிங்களக் குடியானவர்கள் தமது சேனை நிலங்களை, அதாவது காட்டை வெட்டி எரித்து மாறி மாறிப் பயிரிடும் மேட்டுநிலங்களை, இழந்தார்கள். தம் நிலத்தைப் பறித்த தோட்டத்திலேயே கூலிக்குச் செல்ல அவர்களுள் பலர் விரும்பவில்லை. காட்டை அழிக்கவும் பழம் பறிக்கவும் ஆள் வேண்டியிருந்த துரைமார்கள், பாக்கு நீரிணைக்கு அப்பால் திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பகுதிகளை நோக்கினார்கள். அங்கே பண்ணையாள் முறையில் நிலவுடைமையாளரிடம் கட்டுண்டிருந்தவர்களும், மழை பொய்த்த ஆண்டில் கஞ்சிக்கும் வழியற்றவர்களும், அவர்களுள் பெரும்பகுதியினராகிய ஒடுக்கப்பட்ட சாதியினரும், ஆள் சேர்க்க வந்த கங்காணியின் சொல்லை நம்பிப் புறப்பட்டார்கள். கங்காணி என்பது ‘கண்காணி’ என்ற பழந்தமிழ்ச் சொல்லின் பேச்சு வடிவம். தோட்டத்தில் வேலையை மேற்பார்த்தவரும், ஊருக்கு வந்து ஆள் திரட்டியவரும், வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து அதைக் கடனாகக் கணக்கில் ஏற்றியவரும் அவரே.

பயணத்தின் காலத்தை வகுத்தது கோப்பிப் பழம். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பழம் பறிக்கும் பருவமாதலால், ஊரைவிட்டு ஆடிக்கு முன்னும் பின்னுமாகப் புறப்பட்டுத் தைப்பொங்கல் அறுவடைக்குத் திரும்புவதே தொடக்ககால வழக்கமாயிற்று. கணக்கு எளிதாகத் தோன்றினாலும், இலங்கையின் வடபகுதித் தட்பவெப்பம் அதற்கு நேரெதிராக இருந்தது. தென்மேற்குப் பருவமழை மலைகளின் மேற்குச் சரிவிலேயே பெய்து தீர்ந்துவிடுவதால், ஆட்கள் உள்ளே நடந்த மாதங்களில் வடபாதையின் குளங்கள் சேறாக வற்றிக் கிடந்தன. அவர்கள் திரும்பிய மார்கழியிலோ வடகிழக்குப் பருவமழையால் அருவியாறும் அதன் கிளைகளும் வெள்ளம் கண்டு வழியை மறித்தன. சேற்றுக் குளத்தில் முன்னே சென்ற கூட்டம் குடித்துக் குளித்துச் சென்ற நீரையே பின்னே வந்த கூட்டமும் குடித்தது. வாந்திபேதி வடபாதையைப் பற்றிக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம், பாம்பன் ஆகிய துறைகளுக்கு வீட்டிலிருந்து நடந்தே வந்தவர்கள், பாய்மரத் தோணிகளில் நெருக்கியடித்து ஏறி, தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு முதலிய கரைகளில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல் தொலைவு. மன்னார்த் தீவைக் கடந்ததும் முருங்கன், மடு, செட்டிகுளம் வழியே முட்புதர்க் காடு தொடங்கும். மதவாச்சிக்கும் மிகிந்தலைக்கும் அப்பால் அது உயர்ந்த பெருங்காடாக அடர்ந்து, கெக்கிராவையையும் தம்புள்ளையையும் தாண்டி நாலந்தைக்கு அருகே நிலம் மெல்ல மேலேறத் தொடங்கும்வரை நீளும். பகலில் யானைக்கும் கரடிக்கும் அஞ்சிக் கூட்டமாகவே நடக்க வேண்டும். இரவில் தீ மூட்டி அதைச் சுற்றிப் படுக்க வேண்டும். சட்டிபானையும், கட்டிக் கொண்டுவந்த அரிசியும், குழந்தையிருந்தால் குழந்தையும் சுமையாகும். இவ்வழியைக் கடக்க இரண்டு வாரம்வரை பிடித்தது. காய்ச்சல் கண்டவர் பின்தங்கினால் கூட்டம் அவருக்காக நிற்க இயலாது. நின்றால் அரிசி தீரும். அதனால் வழியிலேயே விடப்பட்டவர்கள் உண்டு. காலனிய அதிகாரிகளின் அறிக்கைகளே பாதையோரத்துப் பிணங்களையும் எலும்புகளையும் பற்றிப் பேசுகின்றன.

எத்தனை பேர் இறந்தனர் என்ற வினாவுக்கு, 1849இல் கொழும்பு அப்சர்வர் என்ற இதழ் ஒரு விடை தந்தது: 1841 முதல் 1848 வரையிலான எட்டாண்டுகளில் வந்தவர்களுள் நான்கில் ஒரு பங்கினர், ஏறக்குறைய 70,000 பேர், மாண்டனர் என்பது அதன் கணிப்பு. பின்வந்த ஆய்வாளர்கள் இந்த எண்ணைப் பற்றி இருவேறு கருத்துக் கொண்டுள்ளனர். வந்தவர் தொகைக்கும் திரும்பியவர் தொகைக்கும் இடையிலான வேறுபாட்டில், இறந்தவர்களோடு தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்களும், கண்காணிப்பில்லாத கரைகளின் வழியே ஊர் திரும்பியவர்களும் கலந்திருப்பார்கள் என்பது நியாயமான மறுப்பே. ஆனால் அம்மறுப்பு இன்னொன்றையும் வெளிப்படுத்துகிறது. ஒவ்வொருவருக்கும் கொடுத்த வழிச்செலவு கங்காணியின் கணக்கில் காசு குறையாமல் பதிவாயிற்று. பணம் பெற்றவர் இறந்தால் அக்கடன் உறவினர் மேல் ஏறுவதும் உண்டு. இறப்பைப் பதியும் ஏடோ எவரிடமும் இல்லை. கடனை எண்ணத் தெரிந்த ஓர் அமைப்புக்கு உயிரை எண்ணத் தெரியாமல் போனது தற்செயலன்று. அரசு அவர்களைப் பருவத்துக்கு வந்து போகும் வழிப்போக்கர் என்றது. துரை அவர்களைக் கங்காணியின் ஆட்கள் என்றார். கங்காணிக்கோ அவர்கள் முன்பணத்தின் ஈடு. தோட்டத்தின் எல்லையை மிதிக்கும்வரை அவர்கள் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

பொறுப்பு எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பதைச் சாலைகளே காட்டுகின்றன. கோப்பி மூட்டைகள் கண்டியிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கிய வண்டிச்சாலை, கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்தும் வெடித்தும் 1820களிலேயே போடப்பட்டது. அந்தக் கோப்பியைப் பறிக்கும் கைகள் மேலேறி வந்த வடபாதைக்கோ, நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒழுங்கான கிணறுகளோ தங்குமிடங்களோ கிடைக்கவில்லை. இறப்பினால் ஆள்வரத்து குறைந்துவிடும் என்ற அச்சம் துரைமார்களிடையே எழுந்த பின்னரே, ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் 1858இல் குடியேற்றத் தொழிலாளர்க்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டு, பாதையைச் செப்பனிடுவதும் வழித்தங்கல்கள் அமைப்பதும் முறைப்படுத்தப்பட்டன. நிலைமை ஓரளவு திருந்தியது. வாந்திபேதியும் அம்மையும் அதன் பின்னரும் பலமுறை வந்தன.

மாத்தளையில் நடை முடிந்துவிடவில்லை. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலில், அம்மை நோயின் தெய்வமாகிய மாரியம்மனை, அந்நோய் உலவிய காட்டைக் கடந்து வந்தவர்கள் வணங்கிவிட்டு, ரங்கலை, மடுல்கலை, புசல்லாவை, ரம்பொடை, கொத்மலை எனத் தத்தம் தோட்டம் இருக்கும் திசைக்குப் பிரிந்தார்கள். கோப்பி ஏறத்தாழ 2,000 அடி முதல் 5,000 அடிவரை விளைந்ததால், சமவெளியின் வெயிலில் இரண்டு வாரம் நடந்து நலிந்த உடல்கள் திடீரென மழைக்கும் குளிருக்கும் அட்டைக்கும் ஆட்பட்டன. தோட்டத்தில் முதல் நாள் கிடைத்த கம்பளிகூடக் கடன் கணக்கிலேயே எழுதப்பட்டது. வயிற்றுக்கடுப்பும் நுரையீரல் நோயும் அங்கே காத்திருந்தன. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்யத் துரைமாரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 1872இல்தான் வந்தது.

1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபதாண்டுகளில் கோப்பியை அழித்தபோது, ஜேம்ஸ் டெய்லர் என்னும் தோட்டத் துரை 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையில் கொழுந்து ஆண்டு முழுதும் துளிர்ப்பதால், போய்த் திரும்பும் பருவ நடை ஒழிந்து, குடும்பத்தோடு வந்து லயங்களில், அதாவது வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில், நிலையாகத் தங்கும் வாழ்க்கை தொடங்கியது. சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சமும் பெருந்தொகையினரை இம்மலைகளுக்குத் துரத்தியது. இந்தியாவில் பரவிய கொள்ளைநோய்க்கு அஞ்சி இலங்கை அரசு 1899இல் வடபாதையை மூடியது. அதன்பின் ஆட்கள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டு, ராகமை முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, தொடர்வண்டியில் மலைக்கு அனுப்பப்பட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகுத்தப்பட்ட ‘தகரத் துண்டு’ என்னும் முறையில், தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த சிறு தகடு ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கப்பட்டது. வழிச்செலவைத் தோட்டத்தின் பெயரில் எழுத அதுவே சான்று. பெயருக்கு அதில் இடமில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடர்வண்டியோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியதும், வடபாதை நடை மூத்தோரின் நினைவுக்குள்ளும் பாட்டுக்குள்ளும் ஒடுங்கியது. அப்பாட்டுகளைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளைக்கு வரலாறு பெரிதும் கடன்பட்டுள்ளது. ஏட்டில் விடுபட்டவை தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தங்கியிருந்தன.

அதே வழி பின்னர் எதிர்த்திசையில் ஒருமுறை நிரம்பியது. 1948இன் குடியுரிமைச் சட்டம், இத்தோட்ட மக்களின் வழிவந்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பின், 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற தொடர்வண்டியை, வழியனுப்ப வந்தோரின் அழுகையால், மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். அக்கரையில் இறங்கியவர்களுள் பலர், கூடலூர், கோத்தகிரி மலைகளில் 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டு, பாட்டன் காடு வெட்டியதைப்போலவே மீண்டும் மலைக்காடு வெட்டினார்கள்.

இப்போது கண்டிக்கு அருகிலுள்ள அந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பெக்கோ’ நடைபாதை, 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தை 22 கட்டங்களாகப் பிரித்து, உலகெங்குமிருந்து நடைப்பயணிகளை வரவழைக்கிறது. கொழுந்துக் கூடையோடு ஆட்கள் ஏறி இறங்குவதற்காக வெட்டிய தோட்ட வழிகளே அதன் பெரும்பகுதி. அவ்வழிகளின் அழகைப் புகழும் கையேடுகளில், அவற்றை வெட்டியவர்கள் எங்கிருந்து எவ்வாறு நடந்து வந்தனர் என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவது மிகையாகாது. மலையகத் தமிழர் தாமே அதை வேறுவகையில் நினைவூட்டினார்கள். முதல் தோட்டங்கள் எழுந்து இருநூறு ஆண்டு நிறைந்ததாகக் கொண்டாடப்பட்ட 2023இல், ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட ஒரு கூட்டம், காணியுரிமையும் நியாயமான ஊதியமும் சம குடிமையும் வேண்டி, முன்னோர் வந்த வழியே பதினாறு நாள் நடந்து, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது.