ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்தக் கணக்குப் புத்தகம்?

 கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். அவள் மகனுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை என்று வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறாள். "அத்தை, கணக்குக்கு மூணு பார்த்து வச்சிருக்கேன். மாண்டிசோரி பெட்டி ஒண்ணு, சிங்கப்பூர் புத்தகம் ஒண்ணு, தினம் ரெண்டு பக்கம் ஒர்க்‌ஷீட் ஒண்ணு. எதை வாங்கட்டும்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குரல் கம்மிவிட்டது. "நேத்து ஒர்க்‌ஷீட்டைக் காட்டினதும், எனக்குக் கணக்கு வராதும்மான்னு கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துக்கிட்டான்."

ஐந்து வயதில் ஒரு பிள்ளை சொல்லக் கூடாத வார்த்தை அது. அவளுக்கு நான் சொன்ன பதிலைப் பழைய கதையோடு சேர்த்து உங்களுக்கும் எழுதுகிறேன்.

என் தாத்தா திண்ணைப் பள்ளியில் படித்தவர். அங்கே பாடத்திட்டம் என்பது மூன்று சுவடிகள்தான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. முதலாவதில் எண்களும் பின்னங்களும். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, ஒன்றை 320 பங்காக்கினால் வரும் முந்திரி வரை போகும். இரண்டாவதில் நெல் அளவைகள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. மூன்றாவது வாய்ப்பாடு. பிள்ளை மணலில் விரலால் எழுதும், வாயால் சொல்லும். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல மற்றவர்கள் பின்னே சொல்வார்கள்.

இது ஏதோ நாலைந்து ஊரில் நடந்த காரியம் இல்லை. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று இருக்கிறது. அதற்கும் முன்பே, எழும்பூர் அனாதைப் பள்ளியைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் நடத்தி, 1797-இல் லண்டனில் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பரவியது.

அதற்காகத் திண்ணைப் பள்ளியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். அங்கே பிரம்பு உண்டு. பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. எல்லாச் சாதிப் பிள்ளையும் அந்தத் திண்ணையில் ஏறிவிட முடியாது. பாடமும் பிழைப்பை ஒட்டியே இருந்தது. ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை மாகாணி வாய்ப்பாடு தேவைப்பட்டது. 1957 ஏப்ரல் 1-இல் நூறு நயா பைசா வந்ததும் அதன் வேலை முடிந்தது. பாடத்திட்டம் காலத்துக்குக் காலம் மாறும், மாறத்தான் வேண்டும்.

மாறாத ஒன்றும் உண்டு. மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர்க் காலத்தில் நம் கொடைக்கானலிலும் இருந்தார். அவர் முறையில் பிள்ளை உப்புத்தாள் எண்ணை விரலால் தடவும், பத்துப் பத்தாகக் கோத்த மணிகளைக் கையில் வாங்கிப் பார்க்கும். 1980-களில் சிங்கப்பூர் அரசு அமைத்த பாடத்திலும் முதலில் பொருள், பிறகு படம், கடைசியில்தான் எண். நம் செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்தது. அதன் அட்டைகளோடு நானே பாயில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் பாடம். மணலோ மணியோ அட்டையோ, எல்லோரும் கையில்தான் தொடங்கினார்கள்.

இதை நான் டிரெயினிங்கில் படித்தேன், பரீட்சையும் எழுதினேன். ஆனால் புரிந்தது பிறகுதான். மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்கு நூறு, பத்து, ஒன்று இடமதிப்பு வரவில்லை. எல்லோர் முன்னாலும் அவனை எழுப்பி நிறுத்தினேன். "உனக்குக் கணக்கு வராதுடா" என்று என் வாயாலேயே சொன்னேன். அடுத்த வாரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு செங்கல் காளவாசலில் அவனைப் பார்த்தேன். அப்பாவோடு கல் எண்ணிக்கொண்டிருந்தான். பத்துப் பத்தாக எண்ணி, நூறு ஆனதும் ஒரு கூழாங்கல்லை ஓரமாக வைத்தான். நான் கரும்பலகையில் இரண்டு வாரம் மல்லுக்கட்டிய இடமதிப்பு அவன் காலடியில் வரிசையாகக் கிடந்தது. திங்கட்கிழமை பை நிறையக் கல்லோடு வகுப்புக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் இதைப் படிப்பானா தெரியாது. படித்தால், தப்பு என்னுடையதுதான் தம்பி.

அண்ணன் மகளிடம் சொன்னது இதுதான். "மூணுல எதை வாங்கினாலும் சரி, ஒர்க்‌ஷீட்டை மட்டும் இப்போ எடுத்து வச்சிரு. கட்டாயக் கல்விச் சட்டமே ஆறு வயசுலதான் ஆரம்பிக்குது, உனக்கு என்ன அவசரம்? பெட்டி வாங்கக் காசு இல்லைன்னா புளியங்கொட்டை போதும். பத்துப் பத்தா தீப்பெட்டியில போடச் சொல்லு. பல்லாங்குழி ஆடு. தப்பா எண்ணினா தப்புன்னு சொல்லாதே, இன்னொரு தடவை சேர்ந்து எண்ணுவோம்னு சொல்லு. கால் மணி நேரம் போதும். அவனா எழுதக் கேக்கிற வரைக்கும் பென்சில் வேண்டாம்."

முந்தாநாள் மறுபடியும் பேசினாள். பையன் பல்லாங்குழிக் கொட்டைகளை எண்ணியிருக்கிறான். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, "முப்பத்திப்பத்து" என்றானாம். "தப்பா சொல்றானே அத்தை" என்று கவலைப்பட்டாள்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வார்த்தையை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எண்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று அவனாகவே யோசித்துச் சொல்லியிருக்கிறான். நாற்பது தானாக வரும், விட்டுவிடு என்றேன்.

உங்கள் வீட்டுச் சின்னதுகள் எண்ணும்போது என்ன சொல்கின்றன? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.