பம்பாயில் தமிழர் குடியிருப்புத் தேடிய வரலாறு

வேற்றூருக்குப் பிழைப்பை நாடிச் செல்வோர்க்கு வேலை கிடைப்பது பாதி. குடும்பத்தை அழைத்து வந்து வைக்க ஓர் இடம் கிடைப்பது மறுபாதி. வாடகை சம்பளத்தை விழுங்கலாகாது. குழாயில் நீர் வருதல் வேண்டும். பள்ளி அருகில் இருத்தல் வேண்டும். வீட்டுத் தலைவர் இரவுப் பணிக்குச் சென்றாலும் இல்லத்தார் அச்சமின்றி உறங்குதல் வேண்டும். இந்நான்கும் ஒருங்கே அமைந்த இடத்தை நம் முன்னோர் பம்பாயில் எவ்வாறு கண்டனர், அவ்விடம் ஏன் மேன்மேலும் வடக்கே நகர்ந்தது என்பதை நம் காலனி அன்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம். 1995-இல் மாநகரின் பெயர் மும்பை என மாறிற்று; எனினும் பழங்கதை பேசுங்கால் பழம்பெயரையே வழங்குகிறோம்.

சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் பம்பாயிலிருந்து சென்ற இருப்புப்பாதையும் 1871-இல் இராய்ச்சூரில் கைகோத்தன. அதன்பின் நம்மவர் வருகை எளிதாயிற்று. ஆயினும் வந்தவர்க்குக் கிடைத்த இருப்பிடம் யாது? 'சால்' எனப்படும் வரிசை வீடு. குடும்பத்திற்கு ஓர் அறை. நீர்க்குழாயும் கழிப்பிடமும் எல்லார்க்கும் பொது. நெருக்கமும் அழுக்கும் மிகுந்த அந்நகரில் 1896-ஆம் ஆண்டு பிளேக் நோய் புகுந்தது. மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினர்.

அக்கொடுநோயே புதிய குடியிருப்புகளுக்கு வித்தாயிற்று. 1898-இல் சட்டத்தின் வாயிலாக 'இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்' என்னும் நகரச் சீரமைப்பு நிறுவனம் தோன்றியது. அந்நிறுவனம் நகரின் வடபாலிருந்த தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் ஆகிய இடங்களில் வயலும் சதுப்பும் தோப்புமாய்க் கிடந்த நிலங்களைக் கையகப்படுத்திச் சாலையும் சாக்கடையும் பூங்காவும் முன்னதாக வகுத்து, அதன் பின்னரே மனைகளைக் குத்தகைக்கு விட்டது. வீடு முந்தி வழி பிந்தி என்னும் நம் நாட்டு வழக்கத்திற்கு இது நேர்மாறு. மாட்டுங்காவின் வட்டப் பூங்காவும் ஐந்து தோட்டங்களும் அத்திட்டத்தின் பயனே.

நிலம் சீரானால் மட்டும் ஊர் ஆகிவிடாது. அலுவலகம் செல்ல வழி வேண்டுமன்றோ? அதனை இரயில் தந்தது. 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை இந்தியாவின் முதல் மின்சார இரயில் ஓடிற்று. சில ஆண்டுகளில் பிரதான பாதையிலும் மின்வண்டி வந்தது. கோட்டைப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மாட்டுங்கா அருகிலுள்ள ஊர் போலாயிற்று. சீசன் டிக்கெட் எடுத்த குமாஸ்தா, கோட்டையில் உழைத்து மாட்டுங்காவில் வாழலானார். இரயில்வேயில் பணியாற்றும் நமக்கு இச்செய்தி பெருமிதம் தருவதே.

1930-களில் அங்கு எழுந்த மாடிக் கட்டடங்களில் சமையலறையும் குளியலறையும் கழிப்பிடமும் வீட்டிற்குள்ளேயே அமைந்திருந்தன. தனிக்குடித்தனம் நடத்த விரும்பிய தட்டெழுத்தருக்கும் கணக்கருக்கும் அது பெரும்பேறு. ஒருவர் குடிவந்ததும் தம் மைத்துனரை அழைத்தார். அவர் தம் ஊர் நண்பரை அழைத்தார். இவ்வாறு தெருக்கள் நிரம்பின. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்குத் தோன்றிப் பள்ளி கண்டது. பஜனை மடமும் கோயிலும் எழுந்தன. வாழையிலையும் முருங்கைக்காயும் கடைத்தெருவிற்கு வந்தன. 1942-இல் தொடங்கிய உடுப்பி கிருஷ்ணா போர்டிங் போன்ற சாப்பாட்டு விடுதிகள், குடும்பத்தை அழைத்துவர இயலாதவர்களின் பசியைத் தீர்த்தன.

ஆயினும் வரலாற்றை ஒருபுறமாய் மட்டும் உரைத்தல் நேர்மையாகாது. மாட்டுங்காவின் வாயில் எல்லாத் தமிழர்க்கும் திறந்திருக்கவில்லை. எழுதப் படித்தவர்க்கும் மேற்சாதியார்க்குமே அது பெரும்பாலும் எளிதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள், சிறிது தொலைவிலேயே உள்ள தாராவியில் சதுப்பைத் தாமே மேடாக்கிக் குடிசையமைத்து வாழ்ந்தனர். அவர்களுக்குச் சாலை வகுத்துக் கொடுப்பார் இல்லை. டிரஸ்ட் வகுத்த ஊரும் உழைப்பாளி தன் கையால் எழுப்பிய ஊரும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே பம்பாய்த் தமிழர் வரலாறு.

இனி, மாட்டுங்கா ஏன் கைக்கெட்டாததாயிற்று என்பதைக் காண்போம். 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத வாடகையை அளவுகோலாக்கியது. குடியிருந்தோர்க்கு அது கோட்டை மதில். புதிதாக வந்தவர்க்கோ சாத்திய கதவு. வாடகை குறைவு, ஆனால் வீடு காலியாவதில்லை. காலியானாலும் 'பகடி' என்னும் பெருந்தொகை கொடுக்க வேண்டும். ஆகவே பின்வந்தோர் மேலும் தள்ளிச் சென்றனர். 1950-களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைகளும் அணுசக்தி நிலையமும் எழுந்தபோது செம்பூர் தமிழர் நிறைந்த ஊராயிற்று. பிறகு முலுண்ட், டோம்பிவிலி. 1970-இல் சிட்கோ நிறுவனம் அமைந்து புதிய நகரை வகுத்தது. 1992-இல் வாஷிக்கு இரயில் சென்றது. நெருலுக்கும் நம்மவர் பெயர்ந்தனர். மாட்டுங்காவில் தோன்றிய கல்விச் சங்கமும் அங்குக் கல்லூரி கண்டது.

இடையே ஒரு சோதனையும் நேர்ந்தது. 1966-இல் சிவசேனை தோன்றியபின், தென்னிந்தியர் வேலைகளைப் பறித்துக்கொண்டனர் என்னும் குரல் ஓங்கிற்று. நம்மவர் கடைகளும் உணவுவிடுதிகளும் தாக்குதலுக்கு ஆளாயின. நம்மவர் கூட்டமாய் வாழ்வது ஆறுதல் தரும். அதுவே மதிலாகிவிடலாகாது என்பது அக்காலம் புகட்டிய பாடம். மராத்தி பேசக் கற்று, அண்டை வீட்டாரின் நன்மை தீமைகளில் கலந்துகொள்வதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? நடுத்தரக் குடும்பத்திற்கு ஏற்ற இடம் எப்போதும் இரயில் சென்றடைந்து, விலை இன்னும் ஏறாத இடமேயாகும். ஆனால் அங்கு முதலில் பள்ளி இராது, கோயில் இராது, நம் மொழி பேசுவாரும் அரியர். அவற்றை முன்வந்தோர் உண்டாக்கினர், பின்வந்தோர் துய்த்தனர். உண்டானபின் விலை ஏறிற்று. அடுத்தவர் அடுத்த நிலையத்தை நாடினர்.

இன்று ஊரிலிருந்து புதிதாய் வரும் இளந்தம்பதியர் வீட்டுத் தரகர் சொல்வதையே நம்பி நிற்கின்றனர். காலை வேளையில் வண்டியில் ஏறிப் பார்த்தீர்களா, கோடையில் குழாய் எத்தனை நாழிகை ஓடுகிறது, பள்ளிக்குச் செல்லப் பெருஞ்சாலையைக் கடக்க வேண்டுமா என்று அவர்களைக் கேட்பாரும் வேண்டும். விடை சொல்வாரும் வேண்டும். அப்பணி நம்முடையது. நமக்கு யாரோ ஒருவர் ஓர் அறையைக் காட்டினார். சாதியும் ஊரும் கேளாமல் நாமும் மற்றொருவர்க்குக் காட்டுவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!