வெப் சர்வரில் பொது இணைப்புகளுக்கான ஸ்கிரிப்ட்

பிரவுசர் கேட்கும் பக்கத்தை எடுத்துக்கொடுப்பது வெப் சர்வரின் வேலை. அந்தப் பக்கத்துக்கு வருமுன்பே அது நிறைய உழைத்துவிடுகிறது: போர்ட்டில் காத்திருக்கிறது, இணைப்பை ஏற்கிறது, டிஎல்எஸ் மறையாக்கத்தை முடிக்கிறது, ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒருசேரத் தாங்குகிறது, லாக் எழுதுகிறது. மெயிலுக்கும் டேட்டாபேஸுக்கும் இவையெல்லாம் வேண்டும். இந்த அடித்தளத்தை எச்டிடிபி அல்லாத டிசிபி, யுடிபி இணைப்புகளுக்கும் திறந்துவிட்டு, வரும் இணைப்பை என்ன செய்வது என்பதைச் சிறு ஸ்கிரிப்டில் எழுதவிடும் முறை இது. திருத்தணியை அடுத்த நெசவு ஊரான பொதட்டூர்பேட்டையில் இதை விளக்குவது எளிது. தறி அதேதான், மேலே பூட்டிய ஜக்கார்டில் அட்டையை மாற்றினால் வேறு பூ விழும்.

வெப் பிறக்குமுன்பே இந்த எண்ணம் இருந்தது. 1986-இல் வந்த 4.3 பிஎஸ்டி யூனிக்ஸில் ஐநெட்டி என்னும் நிரல் தனக்குக் குறித்த போர்ட்டுகளிலெல்லாம் தானே காத்திருந்து, இணைப்பு வந்ததும் உரிய நிரலை எழுப்பியது. பெர்ல், ஷெல் ஸ்கிரிப்டுகளும் அதன்கீழ் சர்வர்களாக ஓடின. இணைப்புக்கு ஒரு புரோசஸ் என்ற செலவுதான் அதன் குறை.

அப்பாச்சி சர்வருக்குள் பெர்ல் மொழியைப் பொருத்திய மாட்-பெர்ல் 1996-இல் வந்தது; அப்போது அது எச்டிடிபிக்கு மட்டுமே. 2002-இல் வெளியான அப்பாச்சி 2.0, இணைப்பைக் கையாளும் பகுதியை எச்டிடிபியிலிருந்து பிரித்தது. இந்த வரலாற்றில் முக்கியமான அடி இதுதான் என்பேன். 2005-இல் வந்த மாட்-பெர்ல் 2.0 அந்தப் பிரிவைப் பயன்படுத்தி, எந்த டிசிபி நெறிமுறையையும் பெர்லில் எழுதவிட்டது. கியூபிஎஸ்எம்டிபிடி என்ற மெயில் சர்வர் அப்பாச்சிக்குள்ளேயே ஓடியது இதனால்தான்.

இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வேறு வழியில் போனது. அதில் ஒரே வொர்க்கர் புரோசஸ் பல்லாயிரம் இணைப்புகளை மாறிமாறிக் கவனிக்கும். அதன் மெயில் ப்ராக்ஸி, ஐமேப் பயனரை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று ஓர் எச்டிடிபி முகவரியிடம் கேட்கும். பதில் சொல்லும் நிரலை எந்த மொழியிலும் எழுதலாம்.

ஸ்கிரிப்ட் உள்ளேயே நுழைந்தது லுவாவால். 1993-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிறிய மொழி அது. சீனாவின் யிச்சுன் ஜாங் முன்னின்று வளர்த்த ஓபன்ரெஸ்டி, லுவாவின் கோ-ரூட்டீனை என்ஜின்எக்ஸின் நிகழ்வுச் சுழற்சியோடு இணைத்தது. ஸ்கிரிப்ட் நேர்கோட்டில் எழுதப்படுகிறது. தரவுக்காகக் காத்திருக்க நேர்ந்தால் அது அந்த இடத்திலேயே நிற்க, வொர்க்கர் மற்ற இணைப்புகளுக்குப் போய்விடும். தரவு வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். நிகழ்வு நிரலின் சிக்கலை எழுதுபவர் தலையில் சுமத்தாத இந்த ஏற்பாடு உண்மையிலேயே அழகானது. டெல்லியின் விங்கிஃபை நிறுவனம் தன் சிடிஎன்னை ஓபன்ரெஸ்டியின் மேல்தான் கட்டியது.

2015 ஏப்ரலில் என்ஜின்எக்ஸ் 1.9.0, ஸ்ட்ரீம் தொகுதியுடன் வந்து பொது டிசிபி இணைப்புகளை ஏற்றது. மறு ஆண்டு யுடிபியும் சேர்ந்தது. ஓபன்ரெஸ்டி அதற்கும் லுவாவைக் கொண்டுவந்தது. என்ஜின்எக்ஸின் சொந்த ஜாவாஸ்கிரிப்டான என்ஜேஎஸ் 2015 செப்டம்பரில் அறிமுகமாகி, எச்டிடிபி, ஸ்ட்ரீம் இரண்டிலும் இயங்குகிறது. இணைப்பின் முதல் பைட்டுகளை எட்டிப்பார்த்து வழி தீர்மானிப்பது இதில் முக்கியமான பயன். டிஎல்எஸ் வணக்கச் செய்தியில் உள்ள தளப்பெயரை, மறையைப் பிரிக்காமலே படித்து உரிய சர்வருக்கு அனுப்பலாம். அப்பாச்சி ஏபிஐசிக்ஸ் என்ற ஏபிஐ கேட்வேயில் எம்க்யூடிடி நெறிமுறை இணைப்புகளைக் கையாளும் ப்ளகின், ஓபன்ரெஸ்டி ஸ்ட்ரீமுக்குக் கொண்டுவந்த லுவாவின் மேல் நிற்கிறது.

எழுதுபவர் இரண்டு இடங்களில் விழிப்பாக இருக்கவேண்டும். காத்து நிற்கும் சாதாரண சாக்கெட் அழைப்பு ஒன்றை ஸ்கிரிப்டில் போட்டால் அந்த வொர்க்கரின் எல்லா இணைப்புகளும் உறைந்துவிடும். டிசிபியில் செய்திக்கு எல்லையும் கிடையாது: மறுமுனை ஒரே மூச்சில் அனுப்பியது துண்டுதுண்டாக வரலாம், இரண்டு செய்திகள் ஒட்டியும் வரலாம். எச்டிடிபியில் சர்வரே பிரித்துக் கொடுத்ததை இங்கே நீளம் எண்ணி ஸ்கிரிப்டே பிரிக்கவேண்டும்.